முப்பத்திரண்டு மாவட்டங்கள்

"தமிழ்நாட்டுல மொத்தம் எத்தனை மாவட்டம்?"

டாக்டர் ஸ்ரீதர் கேட்டு வாயை மூடுமுன் கட்டிலிலிருந்து பதில் வந்தது.

"முப்பத்திரண்டு சார்."

டாக்டர் நிமிர்ந்தார். கட்டிலின் தலைமாட்டுக்குப் பின்னால் நின்றிருந்த பிரிசில்லாவைப் பார்த்தார்.

அன்பரசு தன் மனைவி அங்கே நிற்பதை அறியவில்லை. கழுத்தைச் சுற்றித் தடித்த பட்டை, நெற்றி வரை கட்டு. தலையைத் திருப்ப முடியாது. காலையில் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு பைக்கில் வந்தவன், புதுச்சத்திரம் தாண்டி மணலில் சறுக்கி விழுந்தான். இப்போதுதான் கண் விழித்திருக்கிறான்.

"நீங்க பின்னாடியே நில்லுங்கம்மா. எது வரைக்கும் ஞாபகம் இருக்குன்னு முதல்ல பாத்துடறேன். அப்புறம் பேசலாம்" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பெயர் கேட்டபோது சொன்னான். அப்பா பெயர் சொன்னான். ஊர் நெல்லிக்குப்பம் என்றான்.

இது என்ன வருஷம் என்று கேட்டபோதுதான் தடுமாறினான். கண்ணை இறுக்கி மூடினான். மூச்சு வாங்கியது. "வர மாட்டேங்குது சார்."

குரூப் டூ எழுதி தாலுகா ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தவன் என்று பிரிசில்லா முன்பே சொல்லியிருந்தாள். தெரிந்ததைக் கேட்டால் பதட்டம் தணியும் என்றுதான் டாக்டர் பொது அறிவுக்குத் தாவினார்.

"இந்தியாவுல எத்தனை மாநிலம்?"

"இருபத்தொன்பது."

டாக்டர் பிரிசில்லாவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். குழப்பத்தில் இருக்கிறான் என்று அர்த்தம்.

அவளுக்கு அந்த எண்கள் பழக்கமானவை.

அவள் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பயிற்சி மையத்தில் நடப்பு நிகழ்வுகள் வகுப்பு எடுக்கிறாள். பழைய புத்தகத்தைப் படித்துவிட்டு வரும் பிள்ளைகள் இப்படித்தான் சொல்வார்கள். கள்ளக்குறிச்சியும் தென்காசியும் பிரியாதபோது முப்பத்திரண்டு. காஷ்மீர் யூனியன் பிரதேசம் ஆகாதபோது இருபத்தொன்பது.

அவன் உளறவில்லை. இரண்டுமே சரியான விடைதான். ஏழெட்டு வருடத்துக்கு முன்னால்.

அவன் அங்கேதான் இருக்கிறான். அங்கே என்றால், எந்த வருடத்தில்? எந்த மாதத்தில்?

"சார், நான் கேக்கறேன்." டாக்டர் கை காட்டித் தடுப்பதற்குள் ஆரம்பித்துவிட்டாள். "ஃபுட்பால் வேர்ல்டு கப். கடைசியா ஜெயிச்சது யாரு?"

அவள் குரல் கேட்டு அவன் முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

"பிரான்ஸ் மேடம். ரஷ்யாவுல நடந்துது."

மேடம். வீட்டில் அவளைப் பிரிசி என்பான்.

நர்ஸ் என்று நினைத்திருப்பான், மயக்கம் தெளியவில்லை என்று தன்னையே தேற்றிக்கொண்டாள். பிரான்ஸ் என்றால் இரண்டாயிரத்துப் பதினெட்டு. ஜூலை தாண்டிவிட்டான்.

"கேரளாவுல வெள்ளம் வந்துதே?"

"ஆமா மேடம், ஆகஸ்ட்டுல. எங்க கோச்சிங் கிளாஸ்ல எல்லாரும் அரிசி, போர்வைலாம் சேத்து லாரில அனுப்பனோம்."

வா. இன்னும் கொஞ்சம் வா.

"ஏசியன் கேம்ஸ்?"

"ஜகார்த்தா. அதான் முடிஞ்சுடுச்சே."

செப்டம்பர். கட்டிலின் இரும்புக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வராந்தாவில் அவளுடைய அம்மாவின் மடியில் மகள் சிணுங்கும் சத்தம் கேட்டது. அன்பரசு அதைக் காதில் வாங்கவில்லை. அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தான். கேள்வி வரவர அவன் மூச்சு சீராகியிருந்தது.

"உலகத்துலயே உயரமான சிலை எங்க இருக்கு?"

அவன் குஜராத் என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அக்டோபரைத் தாண்டிவிட்டான் என்று அர்த்தம்.

"சைனாவுல. புத்தர் சிலை."

டாக்டர் அவள் தோளருகே வந்தார். "போதும்மா."

"ஒண்ணே ஒண்ணு சார்."

சிலையைப் படிக்காமல் விட்டிருக்கலாம். யாரும் எல்லாவற்றையும் படித்துவிடுவதில்லை. ஆனால் அந்த நவம்பர் புயலை யாரும் படிக்க வேண்டியதில்லை. கடலூரில்தான் கரையேறும் என்று ஊரே இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கடைசியில் வேதாரண்யம் பக்கம் போனது.

"கஜா?"

அவன் யோசித்தான். நெற்றிக் கட்டுக்குக் கீழே புருவம் நெளிந்தது. அவளும் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

"யாரு மேடம் அது?"



அப்படியானால் அக்டோபர். அதற்கு மேல் அவன் வரவில்லை.

பிரிசில்லா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கட்டிலைச் சுற்றி வந்து, அவன் கண் படும் இடத்தில் நின்றாள்.

அவன் பார்த்தான். முன்பின் தெரியாத பெண்ணிடம் ஓர் ஆண் காட்டும் மரியாதையோடு, போர்வையை மார்பு வரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"நீங்கதான் கேள்வி கேட்டீங்களா? டாக்டரா மேடம்?"

"இல்லீங்க" என்றாள். "என் பேரு பிரிசில்லா. அடுத்த மாசம் உங்க கிளாஸ்ல சேரப் போறேன்."