கறுப்புச் சேலை

“களிம்பை தினமும் தேய்க்கோணுமுங்க. அதுல கேக்கலைன்னாத்தான் மாத்திரை” என்றார் தோல் டாக்டர்.

வர்ஷினிக்குத் தலையில் செதில் செதிலாய் உதிரும் சொரியாசிஸ். அம்மா பொற்கொடி களிம்பைத் தொட்டாலே மகள் ஓடினாள். “அத்தையே தேச்சு உடட்டும்மா!”

பெற்றவளுக்கு வயிறு எரிந்தது. பக்கத்து வீட்டு நாத்தனார் சுகந்தி, பொற்கொடி தீபாவளிக்கு ஆசையாய் எடுத்துக் கொடுத்த கறுப்புச் சேலையைக்கூட “கறுப்பு எனக்கு ஆகாதுங்க அண்ணி” என்று திருப்பித் தந்தவள். இப்போது மகளையும் வளைத்துப்போட்டாளே!

‘அப்படியென்ன சொக்குப்பொடி போட்டா?’ என்று முனகியபடி பொற்கொடி சுகந்தி வீட்டுக்குள் நுழைந்தாள்.

சுகந்தி தரையில் உட்கார்ந்திருக்க, வர்ஷினி பின்னால் நின்று அத்தையின் முடியை வகிடு பிரித்துக் களிம்பு தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“எரியுதுங்களா அத்தை? செதில் கொட்டறது நின்னதும் நாம ரெண்டு பேரும் கறுப்புலயே டிரஸ் எடுக்கலாமுங்க.”

தன் தலையில் ஒன்றுமே இல்லாதது பொற்கொடிக்குப் பெருங்குறையாகப் பட்டது.