நாரையின் கால்

முதல் பரிசு வாங்கிய நாரைப் படத்தின் முன்னால் படகோட்டி பூவராகன் வெகுநேரம் நின்றிருந்தார். படம் எடுத்த ஏரியில் படகு ஓட்டுகிறவர். இளவழகன்தான் கண்காட்சிக்கு வரச் சொல்லியிருந்தான். பத்து நாளைக்கு முன்பு கரையிலிருந்து அவன் எடுத்த படம் அது. அதன்பிறகு கணினியில் அவன் பட்ட பாடு கொஞ்சமல்ல. நாரை பார்க்கும் பக்கம் நிறைய இடம் விட்டு மறுபக்கத்தை வெட்டினான். தண்ணீரின் பச்சையைக் குறைத்தான். கடைசியில், காலைச் சுற்றிக் கிடந்த தூண்டில் நரம்பு கண்ணை உறுத்தவே, அதையும் சுவடில்லாமல் அழித்தான்.

"அதேதான் சார். அலகு நுனி உடைஞ்சிருக்கு பாருங்க." திரும்பிய பூவராகனின் முகம் மலர்ந்திருந்தது. "கால்ல நரம்பு சிக்கி நொண்டிக்கிட்டு இருந்துச்சு. ஒரு மாசமா கத்திரிக்கோலும் கையுமா நாணலுக்குள்ள தேடுறேன். எந்தப் புண்ணியவானோ அறுத்து விட்டுட்டான். இனிமே தேட வேணாம்."

"அண்ணே..." என்றான் இளவழகன். அதற்குள் நடுவர்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். பூவராகனையும் இழுத்து நிறுத்தி, படத்தை ஒட்டி வரிசையாக நின்றார்கள்.

"சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. நாரையோட கால மறைக்கிறீங்க," என்றார் கேமராக்காரர்.

இளவழகன் நகரவில்லை.