வெளியே தெரியாமல்

“யாருக்குமே தெரியாதுடா மல்லி. பக்கத்துல உக்காந்து பேசினாக்கூட தெரியாது. அதையே போடச் சொல்லு!”

குணமதி அத்தையின் குரல் கதவைத் தாண்டி, வெளியே காத்திருந்தவர்கள் வரைக்கும் போயிருக்கும். பல் டாக்டரின் சாய்வு நாற்காலியில் படுத்திருந்த வர்ஷாவுக்குக் கூச்சமாக இருந்தது.

டாக்டர் மணிமொழியின் மேஜையில் இரண்டு மாதிரிகள் இருந்தன. ஒன்றில் பல் வரிசை முழுக்கக் கம்பி. இன்னொன்றில் பார்த்தால் ஒன்றுமே இல்லை. கையில் எடுத்துத் திருப்பினால்தான் கண்ணாடி போன்ற மெல்லிய உறை ஒன்று பற்களின் மேல் பொருந்தியிருப்பது தெரிந்தது.

“ரெண்டுலயும் பல்லு நேராயிடும்” என்றார் டாக்டர். “கம்பின்னா ரெண்டு வருஷம். நடுவுல கழட்ட முடியாது. மாசம் ஒரு தடவை வந்து முறுக்கிட்டுப் போகணும். இந்த அலைனர்னா சாப்பிடும்போது கழட்டிக்கலாம். ஆனா செலவு ஜாஸ்தி.”

“செலவை நான் பாத்துக்கறேன்” என்றாள் அத்தை. “தை மாசம் ஆரணியிலிருந்து பொண்ணு பாக்க வராங்க. கம்பியோட கொண்டுபோய் நிறுத்த முடியுமா?”

வர்ஷாவின் அப்பா மல்லிநாதன் கம்பி மாதிரியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். கீழ்பென்னாத்தூர் பக்கம் நெல்லும், மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போடுகிறவர். பேச்சு கம்மி.

வர்ஷா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். மலையின் உச்சி மேகத்துக்குள் போயிருந்தது. பார்த்துக்கொண்டே இருந்ததில் நாற்காலி தரையை விட்டுக் கிளம்பி, மெல்ல மிதப்பது போலிருந்தது. அவள் வேலூருக்குப் போய்விட்டாள். அங்கே ஒரு கல்லூரி, நீளமான தாழ்வாரம், வரிசையாக மைக்ராஸ்கோப்புகள். குனிந்து பார்த்தால் ஒரே ஒரு இலை. அதன் நரம்புகள் ஆறுகளாகப் பிரிந்து பிரிந்து எங்கேயோ ஓடிக்கொண்டிருந்தன. அந்த ஆற்றங்கரையில் அவள் செருப்பில்லாமல் நடந்துகொண்டிருந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

எம்.எஸ்சி. தாவரவியலுக்கு இடம் கிடைத்துவிட்டதாகப் போனில் செய்தி வந்து நான்கு நாளாயிற்று. அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? தை மாதம் பெண் பார்க்க வந்தால், பங்குனியில் கல்யாணம்.

“ஏங்கா, பல்லுக்கு வைத்தியம் நடக்குதுன்னு அவங்ககிட்ட சொல்ல வேணாமா?” அப்பாவின் குரல் அவளைத் திரும்ப அழைத்து வந்தது.

“எதுக்குச் சொல்லணும்? கேட்டாலும் அப்படி எதுவும் இல்லன்னு சொல்லிடு.”

“பொய் சொல்லச் சொல்றியா?”

“ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணுன்னு சும்மாவா சொன்னாங்க? இது ஒரே ஒரு பொய்தானடா!”

அப்பா எழுந்து நின்றார். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன.

“நான் மாடு விக்கும்போதே வாயைத் தொறந்து பல்லைக் காட்டித்தான் வித்திருக்கேன். பெத்த பொண்ணு விஷயத்துல மூடி மறைக்கணுமா? டாக்டரம்மா, கம்பியே போடுங்க. ஊருக்கே தெரியட்டும்.”

“ஐயோ! ஆரணிக்காரங்க?”

“நானே போன் போட்டுச் சொல்லிடறேன். கம்பி கழட்டினப்புறம் பேசிக்கலாம். அதுவரைக்கும் காத்திருக்க முடியாதவங்க வேற எடம் பாத்துக்கட்டும்.”

வர்ஷா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கனவில் பேசுவது போல, தன் குரல் தனக்கே தூரத்தில் கேட்டது.

“அப்பா… வேலூர்ல எம்.எஸ்சி. சீட் கிடைச்சிருக்குது. ரெண்டு வருஷம்தான். போகட்டுமாப்பா?”

மல்லிநாதன் அவள் பக்கம் திரும்பினார்.

“எப்ப கிடைச்சுது?”

“நாலு நாளாச்சு.”

“இன்னா பொண்ணும்மா நீ! வாயத் தொறந்து சொல்ல மாட்டியா?” துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “போய்ப் படி. மாசம் ஒரு தடவை கம்பி முறுக்க வந்துதானே ஆவணும். நானும் உன்னைப் பாத்துக்குவேன்.”

போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

“சரியாப் போச்சு! கல்யாணம் பேச வந்தா காலேஜுக்கு அனுப்பறான். இவன்கிட்ட கத்தி என் தொண்டை காஞ்சதுதான் மிச்சம்” என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டு தண்ணீர் தேடிப் போனாள்.

அறை அமைதியானது. டாக்டர் நாற்காலிக்கு மேலிருந்த விளக்கைப் போட்டார். வெளிச்சம் பால் போல முகத்தில் இறங்கியது.

“அத்தை பேசினதை மனசுல வச்சுக்காதீங்க டாக்டர்” என்றாள் வர்ஷா. “எனக்கு ஒரு கல்யாணத்தைப் பண்ணி அனுப்பினாத்தான் அவங்களுக்குத் தூக்கம் வரும்.”

டாக்டர் மணிமொழி கையுறையை மாட்டிக்கொண்டே கதவு மூடியிருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

“முந்தாநேத்து உங்க அத்தை இங்க தனியா வந்திருந்தாங்கம்மா. ‘பொண்ணு போனை ஒளிச்சு வச்சு, சீட் வந்த சேதியையே திரும்பத் திரும்பப் படிக்குது. நாளன்னிக்குக் கூட்டிட்டு வரேன். மறைச்சுடலாம், பொய் சொல்லலாம்னு நான் கத்துவேன். நீங்க குறுக்கப் பேசிடாதீங்க, என் தம்பி தானாவே கம்பி போடச் சொல்லிடுவான்’னு சொல்லிட்டுப் போனாங்க.”