போனில் கிடந்த ருஷ்யா

இன்னும் ஒரு சுற்றுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து, ‘இடமில்லை’ என்று படம்பிடிப்பதை நிறுத்திக்கொண்டது புருலின் போன்.

குதிரைகள் மேட்டுக்கு அந்தப் பக்கம் போயிருந்தன. அத்தனை பையன்களுக்கு நடுவே அவள் மகள் மீரிம். நரின் மேய்ச்சல் வெளியில் இந்தப் பந்தயத்தில் ஓடும் முதல் பெண்.

“ஐயோ அண்ணி, இப்பவா!” நாத்தனார் நுர்ஸதா பதறினாள்.

“சும்மா இரு. அதுங்க திரும்பி வர்றதுக்குள்ள முடிச்சிடுவேன்.”

விளையாட்டு ஒன்றை நீக்கினாள். துணிக்கடைச் செயலியை நீக்கினாள். பெரிதாக ஒன்றும் தேறவில்லை.

புருல் அசரவில்லை. செயலியைத் தூக்கினாலும் அது இறக்கி வைத்த சரக்கு சில சமயம் உள்ளேயே கிடக்கும் என்று அவளுக்குத் தெரியும். எது எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது என்று பார்த்தாள்.

முதலில் நின்றது ருஷ்யா.

போன வருடமே நீக்கிவிட்ட வரைபடச் செயலி, ஒரு தேசத்தையே விட்டுவிட்டுப் போயிருந்தது. அங்கே வேலைக்குப் போன கணவன் எர்மெக்கிடமிருந்து பேச்சுமூச்சு இல்லாமல் போனபோது, அதை வைத்துக்கொண்டுதான் இரண்டு குளிர்காலம் ஊர் ஊராகத் தேடினாள்.

நுர்ஸதா அவள் கையைப் பிடித்தாள். “அதை அழிச்சுட்டா எங்க அண்ணனை எப்படித் தேடுவீங்க?”

மேட்டில் புழுதி கிளம்பியது.

புருல் அழுத்தினாள். ருஷ்யா போய்விட்டது. போனில் தாராளமாக இடம் வந்தது.

முதலில் வந்தது செம்பழுப்புக் குதிரை. அதன் கழுத்தோடு ஒட்டிப் படுத்திருந்தவளின் சடை பின்னால் பறந்தது.

“விரட்டு மீரிம், விரட்டு!” தொண்டை கிழியக் கத்தினாள் புருல். கை மட்டும் ஆடவில்லை. மகள் எல்லைக்கோட்டைத் தாண்டும்வரை படம்பிடித்தாள். அடுத்த குதிரை வெகு பின்னால் வந்துகொண்டிருந்தது.

நுர்ஸதா அழுதுகொண்டே சிரித்தாள். “அண்ணன் இதைப் பார்க்கணுமே. எந்த ஊர்ல கிடக்கானோ, பாவம்.”

புருல் அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டாள்.

இரண்டாவது குளிர்காலத்தில், கசான் நகரில், நாலாம் மாடிக் கதவை எர்மெக்கே திறந்திருந்தான். இடுப்பில் ஒரு குழந்தை. உள்ளேயிருந்து ஒரு பெண், யார் வந்திருப்பது என்று கேட்டாள்.

“வீடு மாறி வந்துட்டேன்,” என்று அந்தப் பெண்ணுக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு, புருல் படியிறங்கினாள்.