மூன்றாவது கடிதம்

"ஜெயரூபி ரீச்சரை இந்தப் பள்ளிக்கூடத்தால அனுப்பவேணும். கையெழுத்தை வையுங்கோ அக்கா."

ஸ்ரெல்லா கடிதத்தை நீட்டினாள். தேங்காய் துருவிக்கொண்டிருந்த கிறேஸ் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்துச் சமையலறையில் பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டைத் தாய்மார்தான் முறை வைத்துச் சமைப்பார்கள். அன்றைக்கு இவர்கள் இருவரின் முறை.

"உனக்கென்னடி, விசரே?"

"பன்ரண்டு மணிக்கு அதிபர் கல்விக் கந்தோருக்குப் போறார். அதுக்கிடையில அவரின்ர கையில குடுக்கவேணும். எல்லாத் தாய்தகப்பனும் வைச்சிட்டினம். நீங்கள் ஒராள்தான் மிச்சம்."

"ரீச்சரைத் தலையில தூக்கி வைச்சு ஆடுற இராயப்பு அண்ணையுமோ?"

"ஓம். கடலால வந்து ஏறின கையோட வைச்சவர். பாருங்கோ, மை ஊறிக் கிடக்கு."

கிறேஸ் தேங்காயை இன்னும் வேகமாகத் துருவினாள். நன்றி கெட்ட சனம்! ரீச்சருக்கு யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் வரப்போகுது என்று போன வருடமும் முந்தின வருடமும் கதை அடிபட்டது. அந்த இரண்டு தரமும் வெயிலென்று பாராமல் வீடு வீடாக ஏறி இறங்கி, 'எங்கள் ரீச்சரை எடுக்கவேண்டாம்' என்று கந்தோர் அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதிக் கையெழுத்து வாங்கியவள் கிறேஸ்தான். இரண்டு தரமும் மாற்றம் நின்றது. ஊரில் அவளுக்கு அது பெரிய பெயர்.

"உனக்கு ஏன் கொதியெண்டு எனக்குத் தெரியும்," என்றாள். "உன்ர மகன் அனிஸ்ரனைப் பள்ளிக்கூடம் விடாமல் மறிச்சு வைச்சுக் கரைவலையில மீன் பொறுக்க விட்டதுக்கு, ரீச்சர் உன்ர வாசலில வந்து நிண்டு கிழி கிழியெண்டு கிழிச்சவா. அதுதானே?"

"கிழிச்சவாதான். அந்தக் கோவத்தில அவாவில முறைப்பாடு குடுக்கத்தான் கந்தோருக்கும் போனனான். இல்லையெண்டு நான் சொல்லேல்ல."

"சொல்லுறாள் பார், வெக்கமில்லாமல்!"

"போன இடத்திலதான் அக்கா..."

"நீ ஒண்டும் சொல்லவேண்டாம்!" கிறேஸ் துருவுவதை விட்டுவிட்டு எழும்பினாள். "என்ர கிருசாந்தினி மூண்டாம் வகுப்பு வரைக்கும் ஓரெழுத்து வாசிக்கமாட்டாள். மொக்கு எண்டு ஊர் சொன்னது. பெத்த நானும் சொன்னனான். 'படிப்பிக்கத் தெரியாட்டி ஏன் சம்பளம் எடுக்கிறியள்?' எண்டு இந்த ரீச்சரோட சண்டைக்கும் போனனான். அவா திருப்பி ஒரு சொல் பேசேல்ல. 'அக்கா, பிள்ளைக்கு மூளையில குறையில்லை, கரும்பலகை தெரியேல்ல' எண்டவா. சனிக்கிழமை தன்ர வீட்டுக்குப் போறதையும் விட்டிட்டு, பஸ்ஸில ஆசுப்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டுபோய்க் கண்ணாடி எடுத்துக் குடுத்தவா. இப்ப அவள் வடை சுத்தின பேப்பரையும் விடுறாளில்லை, வாசிக்கிறாள்!"

"அதாலதான் அக்கா சொல்லுறன், வையுங்கோ."

"அதாலயோ? நல்லது செய்த ஆளைக் கலைக்கிறதோடி உங்கட ஊர் நன்றி?"

"எங்கட ஊர்தானே அக்கா உங்கட ஊரும்."

வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. ஸ்ரெல்லா கடிதத்தைச் சட்டென்று சுளகுக்குக் கீழே தள்ளினாள்.

ஜெயரூபி ரீச்சர் எட்டிப் பார்த்தார். விரலெல்லாம் சோக்குத் தூள்.

"என்னக்கா, இண்டைக்குக் கறி வாசத்தைவிடச் சண்டை வாசம் கூட வருது?"

"ஒண்டுமில்லை ரீச்சர், பூசணிக்காய்க்கு உறைப்புக் காணுமோ எண்டு கதைச்சனாங்கள்," என்றாள் ஸ்ரெல்லா.

கிறேசுக்குப் பொறுக்கவில்லை. "ரீச்சர், உண்மையைச் சொல்லுங்கோ. எங்களை விட்டிட்டுப் போக உங்களுக்கு விருப்பமோ?"

ரீச்சர் குனிந்து விரலிலிருந்த சோக்குத் தூளைத் தட்டினார். பிறகு சிரித்தார். "இதென்ன கேள்வி அக்கா? உங்கட பிள்ளையளைப்போலப் பிள்ளையள் எங்க கிடைக்கும்? கெதியாச் சமையுங்கோ, அதுகளுக்குப் பசிக்குது."

அவர் போய்விட்டார்.

"கேட்டியே? அவா விரும்பித்தான் இஞ்ச இருக்கிறா," என்றாள் கிறேஸ் வென்றவள் போல. "ரெண்டு தரமும் மறிச்சனான். மூண்டாம் தரமும் மறிப்பன். கொண்டா அந்தக் கடிதத்தை, அடுப்புக்குள்ள வைக்கிறன்."

ஸ்ரெல்லா கடிதத்தை எடுத்து அவளுடைய கையிலேயே கொடுத்தாள்.

"எரியுங்கோ. ஆனால் ஒருக்கா வாசிச்சுப்போட்டு எரியுங்கோ. கந்தோரில அவாவின்ர பைலைக் காட்டினவை. அதைப் பாத்திட்டுத்தான் எழுதினனான்."

கிறேஸ் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, அடுப்பு வெளிச்சத்தில் கடிதத்தைப் பிடித்தாள். ஸ்ரெல்லாவின் குண்டுக் கையெழுத்து.

'மதிப்புக்குரிய ஐயா, ஒரு வயதில் யாழ்ப்பாணத்தில் தன்னுடைய தாயிடம் விட்டுவிட்டு வந்த மகளோடு இருப்பதற்காக எங்கள் ரீச்சர் தானாகவே இரண்டு தரம் மாற்றம் கேட்டு எழுதியதையும், எங்கள் கடிதங்களால்தான் இரண்டு தரமும் அது கிடைக்காமல் போனதையும் நாங்கள் இப்போதுதான் அறிந்தோம். ஒரு நாளும் அவர் அதை எங்களுக்குச் சொல்லிக் காட்டியதில்லை. அந்தப் பிள்ளைக்கு இப்போது நாலு வயது. எங்கள் பிள்ளைகளுக்கு அவர் செய்தது போதும். இந்த முறை நாங்கள் மறிக்கமாட்டோம், அவரை அவருடைய பிள்ளையிடம் அனுப்பிவிடுங்கள்.'

"பேனை எங்கயடி?" என்றாள் கிறேஸ்.