வலக்கை நின்ற பக்கம்

"ஆறு மணிக்குள்ள அச்சகத்துக்கு அனுப்பணும்மா. ஒரு தடவை கேட்டுட்டுச் சரின்னு சொல்லிடு."

மகள் பியானோவின் முன் உட்கார்ந்தபடி தாளை எடுத்தாள். மறுநாள் அப்பாவின் நினைவுக் கச்சேரி. இசையமைப்பாளரான அவருக்குப் பேர் வாங்கித் தந்த பியானோ படைப்பை அவள் முதன்முறையாக மேடையில் வாசிக்கப்போகிறாள். அச்சுக்குப் போகும் கச்சேரிக் கையேட்டில் அதற்கான விளக்கமும் அவள் எழுதியதுதான்.

"'இரண்டு பறவைகள் பாடின. ஒன்று பறந்துபோனது. மற்றது விடியும்வரை பாடியது.' அப்பா எழுதிய இந்தக் கவிதையிலிருந்தே இந்த இசை பிறந்தது. இடக்கை கணவன், வலக்கை மனைவி. கடைசிப் பக்கத்தில் வலக்கை நின்றுவிடுகிறது. இடக்கை மட்டும் தனியே அழுகிறது."

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"கவிதை முதல்ல எழுதினதில்ல. அது அப்புறம் வந்தது."

"எல்லாப் பேட்டியிலயும் கவிதைதான் முதல்லன்னு சொல்லியிருக்காரு."

"பேட்டியில எல்லாரும் நல்லவங்கதான்."

"அவரைக் குத்திக்காட்டலைன்னா உனக்குத் தூக்கம் வராதே." மகள் தாளைக் கீழே வைத்தாள். "நீ கோவிச்சுக்கிட்டு மாமா வீட்டுல போய் மூணு மாசம் உக்காந்துட்டியாம். அந்த ஏக்கத்துல எழுதினேன்னு என்கிட்ட அழுதிருக்காரு. அவரோட ஒரு கச்சேரிக்காவது நீ வந்திருக்கியா? நாளைக்கும் வரமாட்டே."

"நீ நல்லா வாசி. அது போதும்."

"எப்படி வாசிக்கிறது? கடைசிப் பக்கத்துல உசுரே இல்லைன்னு ஒத்திகையில எல்லார் முன்னாலயும் சொல்லிட்டாங்க. அவரோட பொண்ணுக்கே அதோட அர்த்தம் தெரியலைன்னா ஊர் சிரிக்கும். அந்தக் காலத்துல அவரோட வாழ்ந்தது நீ ஒருத்திதான். சொல்லேன்."

அம்மா மடித்த துணியை ஓரமாக வைத்தாள்.

"உங்கப்பாவுக்கு வாசிக்க வராது. காதுதான் கூர்மை. ஒரு பக்கம் எழுதித் தருவாரு, நான் உடனே வாசிச்சுக் காட்டணும். அதைக் கேட்டுட்டுத்தான் அடுத்த பக்கம் எழுதுவாரு. பத்துப் பக்கம் அப்படித்தான் போச்சு. கடைசியா வந்த பதினொண்ணாவது பக்கத்துல ஒரு சுரத்தைத் தப்பா வாசிச்சிட்டேன்."

"அதனால?"

"பியானோ மூடியை ஓங்கி அறைஞ்சாரு, வலது கையை எடுக்க எனக்கு நேரமில்ல. கட்டுப் போட்டுக்கிட்டு வந்ததும் திரும்ப உக்கார வெச்சு, மிச்சத்தை இடது கைக்கு மட்டும் எழுதிக் கொடுத்தாரு."