மெர்சியின் குரல்

நாகர்கோவிலில் கேக் கடை வைத்திருந்த மெர்சி, வாடிக்கையாளர்களிடம் பேசும் பொறுப்பைக் கடையின் இணையதளத்தில் இருந்த செயற்கை நுண்ணறிவிடமே விட்டிருந்தாள். அது அவள் குரலிலேயே எல்லோரிடமும் போனில் உறவாடி ஆர்டர் பிடித்தது. என்ன பேசுகிறது என்று அவள் கேட்டுப் பார்த்ததில்லை. வியாபாரம் நன்றாக நடந்தது.

ஒருநாள் முன்பின் பார்த்திராத ஒரு பெண் கடைக்குள் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நான் செல்வராணி. என் மக செத்தப்போ தினமும் போன்ல பேசித் தேத்துனீங்கல்லா! உங்களுக்கும் ஒரே மக, காய்ச்சல்ல போயிட்டான்னு சொல்லி அழுதீங்களே, அதுக்குப் பிறகுதான் எனக்குச் சோறு இறங்கிச்சு."

தன் குரலில் அதைச் சொன்னது இணையதளம்தான் என்று மெர்சிக்குப் புரிந்தது. உண்மையைச் சொல்லிவிட வாயெடுத்தபோது, உள்ளேயிருந்து அவள் மகள் ஷைனி தட்டோடு வந்தாள்.

"அம்மா, பிளம் கேக் வெந்தாச்சு."

செல்வராணியின் முகம் மாறியது. "இது யாரு, அக்கா?"

அந்த முகத்தைப் பார்த்ததும் மெர்சிக்குத் தைரியம் போய்விட்டது.

"வேலைக்கு நிக்கிற பிள்ளை. என்னை அம்மான்னுதான் கூப்பிடும்."

செல்வராணி ஷைனியின் கன்னத்தைத் தடவினாள். "அக்காவுக்கு வேற யாரும் இல்ல. நீதான் மக மாதிரி பாத்துக்கணும், என்ன?"

ஷைனி தாயை ஒருமுறை பார்த்தாள்.

"பாத்துக்கிடுதேன் அத்தை," என்றாள்.

மெர்சியால் தலைநிமிர முடியவில்லை.